கயிறு சார்த்தலும் மந்திரவாதமும்

சமயக் கிரியைகள் யாவும் பண்டை மந்திரவாதத்தின் எச்சமே என்பாருளர். மேனாட்டறிஞர் பிரேசர் என்பார் 1890-இல் முதற்கண் வெளியிட்டுப் பின்னர் விரித்த 'பொற்கிளை' என்னும் நூலில், மந்திரவாதி தன் செயலாலேயே இயற்கையைப் பணிகொள்ள முயல்கின்றான். சமயியோ தன்னின் மேம்பட்ட முதலை வேண்டி நிற்கின்றான் எனப் பிரித்தோதினார். இப்பிரிவு நமக்கும் ஒருவாற்றான் உடன்பாடே. அதனை நம் சந்தான வரலாற்றிலேயே வைத்து ஆராய்வாம்.

பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்மையால் வருந்தித் தம் குரு சகலாகம பண்டிதரை அடைந்தார். பண்டிதர் திருமுறையிற் கயிறு சார்த்திப் பார்க்க, ஆளுடைய பிள்ளையார் அருளிய திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. முக்குள நீர் தோய்ந்து வழிபடுவார் பிள்ளைப்பேறு முதலியன பெறுவரென அதிற் கண்டு, களப்பாளர் காவிரி வடகரையிலுள்ள அத்தலத்தை அடைந்து, அக்கினி, சூரிய, சந்திர தீர்த்தங்களில் மனைவியாரோடு நீராடி நோன்பிருந்தார். இப்பிறப்பில் அவர்க்கு மகப்பேறில்லை எனக் கனவிற் கேட்டும், பிள்ளையார் வாக்கை நம்பி வந்தேன் என்றமைந்தார் என்பர். அவ்வாறு பிறந்தவரே மெய்கண்ட தேவர்.

ஏட்டிற் கயிறும் குளத்து நீரும் சடம். சடம் எவ்வாறு பயன் தரும்? இவ்வினாவிற்கு விடை கூறியவர், கயிறு சார்த்திய அப்பண்டிதரே! அவர் பின்னர் மெய்கண்டார்க்கு மாணாக்கராகி, அருணந்தி சிவாசாரியராய்ச் சிவஞான சித்தியார் செய்தருளினார். வினை தானே பயன் தரும் என்னும் மீமாஞ்சகர் மதத்தை அந்நூல் மறுத்து, வினை அறிவற்றதாகலின் அதன் பயனைக் கூட்டுவிப்பவன் இறைவனே என நிறுவும். நீராடலும் ஒரு வினையே. ஆதலின் குளம் கொடாது, குளத்தையுடையான் கொடுப்பான்.

இந்நாளில் திருவெண்காட்டைப் புதன் தலமென்றே அறிந்து, சுவேதாரணியேசுவரர் திருமுன் நில்லாது புதன் சந்நிதிக்கு விரைவார் பலர். விளக்கெண்ணிக்கை குறைந்தாற் பலனும் குறையுமோ என அஞ்சுவார்க்கு, விளக்கே தெய்வமாயிற்று. பிரேசர் கூறிய மந்திரவாதம் இதுவே. கோளை வணங்குதல் குற்றமன்று. அது ஆணைவழி நிற்பதென்பதை மறத்தலே குற்றம்.

கயிறு சார்த்துவாரும் இதற்கு விலக்கல்லர். வந்த பாட்டு உவப்பாயின்றேல் ஏட்டை மூடி, உவந்தது வரும்வரை மீளவும் சார்த்துவாரை யாம் கண்டுளேம். அவர் திருமுறையைச் சூதாடு கருவியாக்கினர். களப்பாளர் சார்த்துவித்தது ஒருமுறையே.