முட்டையை உறைய வைத்தால் வயது நிற்குமா?

நம்பிக்கை: முப்பதில் எடுத்து வைத்துவிட்டால் நாற்பதில் குழந்தை உறுதி.

உண்மை: உறுதியெல்லாம் இல்லை, ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஹார்மோன் ஊசி, இடையிடையே ஸ்கேன். கடைசி ஊசி போட்டுச் சுமார் 36 மணி நேரம் கழித்து, மயக்கம் கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். முதிர்ந்தவற்றை மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் ஏற்றி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சட்டென்று முக்குவார்கள். மெதுவாகக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் நீர் பனிப்படிகமாகி முட்டையைக் கெடுத்துவிடும். இவ்வளவு செய்தும், உருக்கும்போது சில வீணாகும், சில கருவாகாது, கருவானதிலும் சில பாதியில் நின்றுவிடும். 35 வயதுக்குள் எடுப்பவருக்கே 15, 20 முட்டையாவது வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஒரே சுற்றில் அத்தனை கிடைக்காமலும் போகலாம்.

நிற்பது முட்டையின் வயது மட்டுமே. நாற்பது தாண்டிய கர்ப்பத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எட்டிப் பார்ப்பதை எந்த நைட்ரஜனும் தடுக்காது.

முட்டையின் வயது முக்கியம் என்பதற்காக இருபத்திரண்டிலேயே ஓட வேண்டாம். இந்தியாவின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி முட்டையைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சேமிக்க முடியாது. விளம்பரங்களில் இந்த வரியைத் தேடிப் பாருங்கள்!

நம்பிக்கை: எடுக்க எடுக்க இருப்பு தீர்ந்து, மாதவிலக்கு சீக்கிரம் நின்றுவிடும்.

உண்மை: பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. மாதாமாதம் பல முட்டைகள் வளரத் தொடங்கும். ஒன்று முதிரும், மற்றவை தாமாக அழியும். ஊசி காப்பாற்றுவது அப்படி அழியவிருந்தவற்றைத்தான்.

நம்பிக்கை: ரத்தத்தில் ஏஎம்எச் என்ற ஹார்மோனின் அளவு நன்றாக இருக்கிறது, நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: அது முட்டைகளின் எண்ணிக்கையைக் காட்டும், தரத்தைக் காட்டாது. தரம் வயதோடு போகும்.

நம்பிக்கை: ஆணுக்கு வயது ஒரு பொருட்டே இல்லை.

உண்மை: விந்தணுவும் மூப்படைகிறது, மெதுவாக. ‘அவனுக்கென்ன, ஆம்பளை’ என்பவர்கள் கவனிக்க.

நம்பிக்கை: புற்றுநோய் என்று தெரிந்த பிறகு இதற்கெல்லாம் நேரம் ஏது?

உண்மை: பலருக்கு நேரம் இருக்கிறது. கீமோ மருந்து முட்டையையும் விந்தணுவையும் பாதிக்கலாம் என்பதால், உண்மையில் இந்தத் தொழில்நுட்பம் அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். பல வீடுகளில் பேச்சே எழுவதில்லை. மாதவிலக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சுழற்சியின் எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கலாம். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். மார்பகப் புற்றுநோய் என்றால் ஈஸ்ட்ரோஜன் ஏறாமலிருக்க லெட்ரசோல் மாத்திரையும் சேர்ப்பார்கள். வயதுக்கு வராத சிறுமிக்குக்கூடச் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைக்கும் வழி உண்டு. உறைய வைத்த திசுவை மீண்டும் பொருத்தி முதல் குழந்தை பிறந்தது 2004இல், பெல்ஜியத்தில். இளைஞனுக்கு இன்னும் சுலபம்: விந்தணுவைச் சேமிக்க ஒரு நாள் போதும். ஆனால் இதை முதல் கீமோ ஏறுவதற்கு முன்பே கேட்டாக வேண்டும். மருத்துவர் சொல்லாவிட்டால், கூடப் போகிறவர் கேளுங்கள்.