வீங்கிய கையும் வீண் பீதியும்

மாண்டூ ஊசி போட்ட மூன்றாம் நாளில், முன்கையில் தடித்துச் சிவந்திருந்த இடத்தைத் துப்பட்டாவால் மூடிய மகளை அழைத்துக்கொண்டு வந்து, வெளியில் காத்திருப்பவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று குரலைத் தாழ்த்தி, "டி.பி.தானே ஐயா? கல்யாணம் நின்றுவிடுமே!" என்று கண்கலங்கிய அந்த அம்மாளிடம் எனக்குக் கோபமில்லை, கை தடித்தால் க்ஷயம் என்ற வதந்தியை மாதந்தவறாமல் என் செவியில் போடும் படித்த மனிதர்களிடந்தான் கோபம்.

க்ஷயக் கிருமி நுரையீரலில் பிரவேசித்ததும் அதை விழுங்குகின்ற மேக்ரோஃபேஜ் என்னும் செல், அதன் புரதத்தைத் துண்டுதுண்டாக நறுக்கி, எச்.எல்.ஏ. என்னும் மூலக்கூறின் பள்ளத்தில் ஒரு துணுக்கை ஏந்தி வெளியே காட்ட, கிருமியை முழு ஸ்வரூபத்தில் பாராத டி செல், அத்துணுக்குக்குப் பொருந்தும் ஏற்பி தன்னிடம் இருந்தால் விழித்தெழுந்து பல்கிப் பெருகி, தன் சந்ததியில் சிலவற்றை ஞாபகத்துக்கென்று நிறுத்திவைக்கிறது. மாண்டூ ஊசியில் இருப்பதோ உயிருள்ள கிருமியன்று, அதன் புரதச் சாரம்; அதை அடையாளம் கண்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அங்கே திரளும் ஞாபகச் செல்களின் கூட்டமே அந்தத் தடிப்பு. என்றோ பார்த்த முகம் என்று அவை சொல்வதை, இன்று நோய் என்று திரித்தவர் யார்? கிருமி புகுந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் முற்றுகிறது, பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவரின் கையும் தடிக்கலாம். மாறாக, எச்.ஐ.வி.யாலோ போஷாக்கின்மையாலோ நலிந்த க்ஷயரோகியின் கை தட்டையாகவே கிடக்கலாம். நோயைத் தீர்மானிப்பவை சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயுந்தான்.

டி செல் புரதத்தை மட்டுமே அறியும் என்பது பழைய பாடம்; கிருமியின் மெழுகுச் சுவரிலுள்ள மைகாலிக் அமிலத்தை சி.டி.1பி என்னும் மூலக்கூறு ஏந்திக் காட்ட, அதையும் டி செல் அறிகிறது என்று 1994இல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்துவிட்டார்கள். பி.சி.ஜி. போட்டால் ஆயுள் முழுதும் க்ஷயமில்லை என்பாருக்கு, 1968இல் தொடங்கிப் பதினைந்தாண்டு தொடர்ந்த நமது செங்கல்பட்டு ஆய்வே பதில்: பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை, குழந்தைகளின் க்ஷய மூளைக்காய்ச்சலுக்கு அது காப்பு என்பதால் போடத்தான் வேண்டும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து க்ஷயம் சொல்லும் சோதனையை 2012இலேயே அரசாங்கம் தடை செய்தாயிற்று.

இவ்வளவு விஞ்ஞானமும் கடைசியில் ஒரு ஸ்கேலில் வந்து நிற்கிறது. நானும் கத்திக் கத்தி ஓய்ந்தேன். அளக்க வேண்டியது சிவப்பையன்று, விரலால் தடவினால் தட்டுப்படும் தடிப்பை. அதையும் முன்கையின் குறுக்குவாட்டில். அந்தப் பெண்ணின் சீட்டில் 18 மி.மீ. என்று எழுதியிருந்தார்கள். பால்பாயிண்ட் பேனாவால் இருபுறமிருந்தும் மெல்லக் கோடிழுத்து, முனை இடறி நின்ற இரண்டு இடங்களுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து, அம்மாளையே படிக்கச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தவர், "ஏழு" என்றார்.