டீசல் வேன் எஞ்சினைப் பழுது பார்க்கையில் மின்கம்பிக் கட்டைக் காத்தல்

பழுது பார்க்கப்பட்டு நல்ல நிலையில் பட்டறையிலிருந்து வெளிவந்த வேன், சில வாரங்களில் வழியில் நின்றுவிடுவதுண்டு. டீசல் இருக்கும்; பம்பும் பழுதாகியிராது. தேடிப் பார்த்தால், வடிகட்டியை மாற்றுவதற்காகக் கிளிப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட கம்பி ஒன்று மீண்டும் கிளிப்பில் பொருத்தப்படாமல், இரும்புத் தாங்கியின் விளிம்பில் உராய்ந்து உறை தேய்ந்திருப்பது தெரியவரும். அவ்வண்டி நோயாளியையோ தடுப்பு மருந்தையோ ஏற்றிச் செல்வதாயின், இச்சிறு கவனக் குறைவின் விளைவு பெரிது. இத்தகைய கேடு கம்பியின் முதுமையால் வருவதன்று. பழுது பார்க்கும் கையால் வருவது. ஆகவே முற்றிலும் தடுக்கத்தக்கது.

கம்பிக் கட்டின் பணி

பட்டறைகளில் ஹார்னஸ் எனப்படுவது, பாட்டரி, கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார்கள், இஞ்செக்டர்கள் முதலியவற்றை இணைக்கும் மின்கம்பிகளின் தொகுதியாகும். பழைய டீசல் எஞ்சினில் எரிபொருள் பம்பு யந்திர முறையிலேயே இயங்கியது. மின்சாரம் முக்கியமாக எஞ்சினைத் தொடக்குவதற்கே தேவைப்பட்டது. காமன் ரெயில் எஞ்சினில் நிலைமை வேறு. ஒவ்வோர் இஞ்செக்டரும் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியே தீர்மானிக்கிறது. கிராங்க் தண்டின் நிலையை உணர்த்தும் சென்சாரின் கம்பி அறுந்தால், பெரும்பாலான எஞ்சின்கள் நின்றுவிடும். பல சென்சார்களுக்கு 5 வோல்ட் மின்சாரம் ஒரே வழியில் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்றின் கம்பி இரும்பைத் தொட்டாலும், மற்றவையும் பிழையான அளவைக் காட்டும். பாரத் நிலை 6 விதிகள் 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், புகைக் குழாய்ப் பகுதியிலும் சென்சார்கள் பெருகின.

கேடு விளையும் வழிகள்

முதலாவது உராய்வு. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் ஓயாது அசைகிறது. வண்டியின் உடலோ அவ்வாறு அசைவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே செல்லும் கம்பிக்குச் சிறிது தளர்ச்சி வேண்டும். இழுத்துக் கட்டினால் உறைக்குள்ளேயே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறியும். வெளியே ஒன்றும் தெரியாது. மிகத் தளர விட்டாலோ, கம்பி விசிறியிலோ பெல்ட்டிலோ சிக்கும்.

இரண்டாவது உஷ்ணம். சாதாரணக் கம்பியின் பிளாஸ்டிக் உறை ஏறக்குறைய 100 டிகிரி சென்டிகிரேடு வரையே தாங்கும். புகைத் துகள் வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துத் தூய்மை பெறும்போது அதனுள் உஷ்ணம் 600 டிகிரியை எட்டுகிறது. எனவே வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றினால், அதனை மீண்டும் பொருத்தாமல் வண்டியை ஓட்டலாகாது.

மூன்றாவது ஈரம். சோதனை ஊசியை உறையில் குத்திப் பார்ப்பது பலரிடம் உள்ள வழக்கம். அத்துளை வழியே நீர் புகுந்து, செம்பு பச்சை பூத்து அரிக்கப்படும். கப்ளரின் ரப்பர் வளையம் தவறினாலும், நீரைப் பீய்ச்சி எஞ்சினைக் கழுவினாலும் இதே விளைவு நேரும்.

வேலைக்கு முன்

கம்பிகள் செல்லும் வழியையும் ஒவ்வொரு கிளிப்பின் இடத்தையும் புகைப்படமாகவோ வரைபடமாகவோ பதிவு செய்துகொள்ள வேண்டும். சாவியைத் திருப்பி நிறுத்தியதும் பாட்டரியைக் கழற்றக் கூடாது. யூரியாக் கரைசல் பயன்படும் வண்டிகளில், எஞ்சின் நின்றபின்னும் பம்பு குழாயிலுள்ள கரைசலை வெளியேற்றிக்கொண்டிருக்கும். தயாரிப்பாளர் கூறும் நேரம் வரை காத்திருந்து, முதலில் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் தொட்டால், ஸ்பேனர் வண்டியின் உடலில் படும்போது பெரும் மின்னோட்டம் பாய்ந்து தீப்பொறி எழும்.

வேலையின்போது

கப்ளரைப் பூட்டு நாக்கை அழுத்தி விடுவிக்க வேண்டும்; கம்பியைப் பிடித்து இழுத்தல் தவறு. கழற்றிய முனைகளைத் தூய பிளாஸ்டிக் பையால் மூடி வைக்க வேண்டும். ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ அவற்றின் கம்பியிலேயே தொங்கவிடக் கூடாது. எஞ்சின் ஓடும்போது இஞ்செக்டர்க் கம்பியில் பாட்டரியைவிடப் பன்மடங்கு மின்னழுத்தம் எழக்கூடுமாதலால், அப்போது அதனைக் கழற்றுதல் ஆபத்தாகும்.

அறுந்த கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது போதாது. அதே பருமனுள்ள கம்பியைச் சேர்த்து, இணைப்புக் குழலை உரிய கருவியால் நசுக்கி, பசையுள்ள வெப்பச் சுருங்கு குழாயால் மூட வேண்டும். ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரட்டைக் கம்பிகளை அம்முறுக்குக் குலையாமலே பொருத்துதல் அவசியம்.

மீண்டும் பொருத்துகையில்

பதிவைப் பார்த்து ஒவ்வொரு கிளிப்பையும் பழைய இடத்திலேயே மாட்ட வேண்டும். உடைந்த கிளிப்புக்குப் புதியது வேண்டும். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையை மறத்தல் பெருந்தவறு. அது இல்லாவிடில் ஸ்டார்ட்டருக்குரிய பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் சிறு கம்பிகளின் வழியே திரும்ப முயன்று அவற்றைக் கருக்கிவிடும். இறுதியில் எஞ்சினை ஓடவிட்டு, பெல்ட்டுக்கும் புகைக் குழாய்க்கும் எட்ட உள்ள இடங்களில் கம்பிக் கட்டை மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டம் தடுமாறினால் அவ்விடத்தை ஆராய வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

அரிக்கப்பட்ட இணைப்பின் கேட்டை வகுப்பில் எளிதில் காட்டலாம். 12 வோல்ட், 55 வாட் விளக்கு ஒன்றைப் பாட்டரியுடன் இணைத்து, இடையில் அரை ஓம், 10 வாட் தடையைச் சேர்க்க வேண்டும். மீட்டரால் அளந்தால் அரை ஓம் அற்பமாகவே தோன்றும். விளக்கு எரியும்போது அத்தடையின் இரு முனைகளுக்கிடையே அளந்தால், ஏறக்குறைய 2 வோல்ட் அங்கேயே இழக்கப்படுவது தெரியும், விளக்கும் மங்கும். தடை சூடேறுமாதலால் அதைக் கையால் தொடலாகாது. மின்னோட்டம் பாயாதபோது நன்றாகத் தோன்றும் இணைப்பு, சுமை ஏறும்போது குறை காட்டும் என்பதை மாணவர் இதனால் உணர்வர். கப்ளரை ஈரம் படாமல் காப்பதற்குரிய காரணமும் அவர்களுக்கு விளங்கும்.