அழகாக இருப்பதும் அழகாகப் பாடுவதும்

‘அழகாக இருக்கிறாள்’, ‘அழகாகப் பாடுகிறாள்’ என்ற இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘அழகாக’ போதும். ஆங்கிலம் அப்படி விடாது. ‘ஷீ இஸ் பியூட்டிஃபுல்’ என்பதில் பெயரடை. ‘ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுல்லி’ என்பதில் வினையடை. தமிழ்வழியில் படித்தவர்கள் இரண்டு அடைகளையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கும்போது தடுமாறுவது பெரும்பாலும் இந்த ‘ஆக’ விகுதியால்தான். பாடம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

மயிலாப்பூர் மெஸ் ஒன்றின் காபியைப் பற்றி எழுதச் சொன்னால், ‘தி காபி டேஸ்ட்ஸ் நைஸ்லி’ என்று யாராவது எழுதிவிடுவார்கள். காபி இங்கே எந்தச் செயலையும் செய்யவில்லை. அதன் தன்மைதான் சொல்லப்படுகிறது. எனவே ‘நைஸ்’ போதும். சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பார்க்கலாம். ‘தி காபி இஸ் நைஸ்’ பொருந்துகிறது, ஆகவே பெயரடை. லுக், ஸ்மெல், ஃபீல், சவுண்ட் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை செல்லும். ஆனால் ‘லுக்’ போன்றவை இரண்டு பக்கமும் சாயும். ‘ஷீ லுக்ட் ஆங்ரி’ என்றால் முகத்தில் கோபம் தெரிந்தது. ‘ஷீ லுக்ட் ஆங்ரிலி அட் தி ஆட்டோ டிரைவர்’ என்றால் மீட்டர் போடாதவரை முறைத்தாள். பின்னதில் ‘இஸ்’ பொருந்தாது.

பெயரடைக்கு முன்னால் வினையடை வருவது எளிது, தமிழின் வரிசையேதான். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தை ‘ஆன் இன்கிரெடிப்ளி ஓல்ட் பேன்யன் ட்ரீ’ எனலாம். அதன் தாய்மரம் 1989இல் புயலில் சாய்ந்ததைச் சொல்லும்போது ‘தி மெயின் ட்ரங்க் ஃபெல் சடன்லி’ என்று அடை வினைக்குப் பின்னால் போய்விடுகிறது. செயப்படுபொருள் இருந்தால் அதற்கும் பின்னால். ‘ஐ லைக் வெரி மச் ஃபில்டர் காபி’ தவறு. ‘ஐ லைக் ஃபில்டர் காபி வெரி மச்’ சரி. வினைக்கும் அதன் பொருளுக்கும் நடுவே ஆங்கிலம் அடையை நுழையவிடுவது அபூர்வம்.

பெயரடைகள் அடுக்கி வந்தால் தமிழில் வரிசையை மாற்றிப் போட்டாலும் காது பொறுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அபிப்பிராயம், அளவு, வயது, நிறம், ஊர், பொருள் என்பது வழக்கமான வரிசை. தி.நகர் ஜவுளிக்கடைப் புடவை ‘எ லவ்லி கிரீன் காஞ்சிபுரம் சில்க் சாரி’. அதில் ‘ரியலி’ சேர்க்கவேண்டுமானால் ‘லவ்லி’க்கு முன்னால்தான்; ‘கிரீன் ரியலி லவ்லி’ என்றால் கடைக்காரரே திகைப்பார்.

வாக்கியத்தை அச்சாக எடுத்துப் பயிற்றுவது சென்னைக்குப் பழைய கதை. 1950களில் மதராஸ் மாநிலப் பள்ளிகளுக்கு ‘ஸ்ட்ரக்சுரல்’ பாடத்திட்டம் வந்தது. 1959இல் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஆசிரியர்களுக்குப் பெரிய பயிற்சி இயக்கமே தொடங்கியது. ஆங்கில இலக்கண, அகராதி ஆசிரியர் ஹார்ன்பி 1954இல் வெளியிட்ட கையேட்டில் வினைகளுக்கு 25 அமைப்புகள். இத்தகைய அமைப்புகளை மாணவர்கள் கூட்டமாக ஒப்பித்ததைப் பலர் கேலி செய்தாலும், அடையின் இடத்தை நாக்கில் பதியவைக்க அதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை. இலக்கணப் பெயர்களை உருப்போடுவதால் இது வராது.

மீதி இருப்பவை விதிக்குள் அடங்காத சொற்கள். ‘ஹார்ட்’டுடன் ‘லி’ சேர்த்து, நேர்முகத் தேர்வில் ‘ஐ வொர்க் ஹார்ட்லி’ என்றால் வேலை செய்வதே அபூர்வம் என்பது போல ஒலிக்கும். சொல்லவேண்டியது ‘ஐ வொர்க் வெரி ஹார்ட்’. ‘லேட்லி’ தாமதத்தைக் குறிப்பதில்லை. சமீபகாலமாக என்று பொருள். ‘ஃப்ரெண்ட்லி’ முடிவில் ‘லி’ இருந்தும் பெயரடைதான். அதை வினையோடு சேர்க்கவேண்டுமானால் சுற்றிவர வேண்டும்: ‘ஷீ ஸ்போக் இன் எ வெரி ஃப்ரெண்ட்லி வே’.