கொடி மாறுமுன் கடிதத்தைக் கேள்

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்றிரவு உன் அம்மா ஒரு மணி நேரம் போனில் அழுதாள். ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டுப் பெடியன் உன்னை ஐஸ் டான்ஸுக்குப் பார்ட்னராகக் கேட்டிருக்கிறானாம். நீயும் பெட்டியைக் கட்டாத குறையாக நிற்கிறாயாம். "இந்த நாடு வளர்த்த பிள்ளை இன்னொரு நாட்டுக் கொடியைத் தோளில் போடுறதே அண்ணா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அவளும் ஒரு பையோடு டொராண்டோவில் வந்திறங்கி, கையை உயர்த்தி இங்கிலாந்து அரசியின் பெயரில் சத்தியம் செய்துதான் இந்தக் கடவுச்சீட்டை வாங்கினோம். கொடி மாற்றுவதில் பாவ புண்ணியம் பார்க்க நம் வீட்டில் ஒருவருக்கும் வாயில்லை.

ஆகவே அந்தக் கதையை விடுவோம். நான் 22 வருஷமாக ஐஸ் அரங்கில் சாம்போனி, அதாவது ஐஸை மினுக்கும் வண்டி, ஓட்டுகிறவன். எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது, ஸ்கேட்டர்களைத் தெரியும். விடிய ஐந்து மணிக்கு வரும் பிள்ளைகளையும், கார் சீட்டைச் சாய்த்துத் தூங்கும் தகப்பன்மாரையும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நீ ஏன் போக நினைக்கிறாய் என்பது விளங்குகிறது. ஒரு நாட்டிலிருந்து உலகப் போட்டிக்கு ஒரு பிரிவில் மூன்று இணைக்கு மேல் போக முடியாது. அந்த மூன்றும் முந்திய வருஷம் நம்மவர்கள் நல்ல இடம் பிடித்தால்தான். இங்கே நாலாவதாக வருகிற இணை வேறு பல நாடுகளில் முதலாவதாக வந்திருக்கும். ஆனால் அது உலகப் போட்டியை டிவியில்தான் பார்க்கிறது. ஃபெடரேஷன் காசும் முன்வரிசையோடு நின்றுவிடும். போதாததற்கு ஐஸ் டான்ஸில் பெட்டைகள் ஏராளம், பெடியன்கள் அரிது. பெடியனின் வாடகையையும் கோச் காசையும் பெட்டையின் வீடே கட்டுவது இந்த உலகத்தில் புதினம் இல்லை. உனக்கு வந்த அழைப்பில் யார் காசு கட்டுவது என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருக்காவிட்டால் உன் அப்பாதான்.

இனி விதிக்கு வருவோம். நீ கனடாவுக்காக ஜூனியர் கிராண்ட் பிரீயில் ஆடியவள். ஆகவே கனடா ஃபெடரேஷன் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். கடைசியாக ஆடிய சர்வதேசப் போட்டியிலிருந்து ஒரு வருஷம் சும்மா இருக்கவும் வேண்டும். அதன்பிறகு ஐரோப்பியப் போட்டி, உலகப் போட்டி எல்லாம் ஆடலாம். இணையில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் அங்கே போதும். ஒலிம்பிக்கில் போதாது, இரண்டு பேருக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். இந்த இரண்டு விதிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போது பள்ளம் தெரியாது.

உன் சுவரில் அல்யோனா சாவ்சென்கோவின் படம் ஒட்டியிருக்கிறாய். உக்ரைனில் பிறந்தவர், 2003 இல் ஜெர்மனிக்குப் போனார், ராபின் சோல்கோவியோடு ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனார். அவரை விட்டுவிட்டு புரூனோ மாசோவைக் கவனி. 2014 இல் அவரோடு சேர்ந்த பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு ஃபெடரேஷன் விடமாட்டேன் என்றது. ஒரு முழு சீசன் இருவரும் போட்டியில்லாமல் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்தார்கள். 2015 இன் கடைசியில்தான் கடிதம் கிடைத்தது. அதற்கு 30,000 யூரோ கொடுக்க வேண்டி வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பிறகு ஜெர்மன் மொழிப் பரீட்சை. அதில் பெயில். திரும்ப எழுதி, 2017 நவம்பரில், ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம் இருக்கும்போது குடியுரிமை வந்தது. பியோங்சாங்கில் முதல் நாள் சால்கோ தாவலில் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டிய மனிதர் இரண்டோடு இறங்கினார். நாலாம் இடம். அடுத்த நாள் 159.31 புள்ளி எடுத்து, 0.43 வித்தியாசத்தில் தங்கம். சாவ்சென்கோவுக்கு அப்போது 34 வயது, ஐந்தாவது ஒலிம்பிக். எல்லோரும் அந்தத் தங்கத்தைத்தான் உனக்குச் சொல்வார்கள். பரீட்சையில் பெயிலாகி வீட்டுக்கு வந்த அந்தப் பின்னேரத்தை நீ யோசித்துப் பார். 22 வயதில் உனக்கு அப்படி ஒரு பின்னேரம் வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்?

இன்னொரு கதை லித்துவேனியாவினுடையது. சின்ன நாடு. ஐஸ் டான்ஸில் பெயர் வாங்க அதற்கு ஆசை உண்டு, இரட்டைக் குடியுரிமை என்றால் மட்டும் தயக்கம். டேவிடாஸ் ஸ்டாக்னியூனாஸ் என்ற அந்நாட்டுப் பெடியனோடு காத்தரின் கோப்லி என்ற அமெரிக்கப் பெண் ஆடினார். குடியுரிமை கொடுக்கவில்லை, வான்கூவர் 2010 ஒலிம்பிக் கைநழுவிப் போயிற்று. அதே பெடியனோடு பிறகு இசபெல்லா டொபியாஸ், இவரும் அமெரிக்கர். கொடுத்தார்கள், சோச்சி 2014 இல் ஆடினார். அடுத்து வந்தவர் அலிசன் ரீட். அமெரிக்காவில் பிறந்து, 15 வயதில் வான்கூவரில் ஜார்ஜியாவுக்காக ஆடியவர். அதே ஒலிம்பிக்கில் அவருடைய அக்காவும் அண்ணனும் தாயின் நாடான ஜப்பானுக்காக ஆடினார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு கொடி. உன் அம்மாவுக்கு இதைச் சொல்லு. பிறகு அலிசன் இஸ்ரேலுக்குப் போய், அங்கிருந்து 2017 இல் லித்துவேனியாவுக்கு வந்து சௌலியஸ் அம்ப்ருலெவிச்சியஸோடு சேர்ந்தார். இருவரும் ஆடி ஆடி நாட்டுக்கு ஒலிம்பிக் இடமே வாங்கிக் கொடுத்தார்கள். கடவுச்சீட்டு வரவில்லை. அந்த இடத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு வேறொரு லித்துவேனிய இணை போனது. மொழியும் அரசியல் சட்டமும் படித்துப் பரீட்சை எழுதி, 2024 இல்தான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. ஏழு வருஷம், பிள்ளை. ஸ்கேட்டரின் முழங்காலுக்கு ஏழு வருஷம் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கொடுத்ததைத் திருப்பி வாங்கவும் முடியும். மார்கரிட்டா ட்ரோபியாஸ்கோ மாஸ்கோவில் பிறந்தவர். கணவர் போவிலாஸ் வனாகாஸோடு லித்துவேனியாவுக்காக ஆடி, 2000 இல் உலகப் போட்டி வெண்கலம் எடுத்தார். உக்ரைன் போர் நடக்கும்போது இருவரும் சோச்சியில் ஓர் ஐஸ் காட்சியில் ஆடினார்கள். 2023 இல் ட்ரோபியாஸ்கோவின் குடியுரிமையை ஜனாதிபதி கையெழுத்துப் போட்டு ரத்துச் செய்தார். கணவர் பிறப்பால் குடிமகன். அவருடைய விருதைப் பறித்தார்கள், நாட்டைப் பறிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் அங்கே போய் ஆடியது பிழை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஒரே ஐஸில் ஒரே ஆட்டத்துக்கு இருவருக்கும் கிடைத்த தண்டனை ஒன்றல்ல. வந்தேறிக்கு எப்போதும் ஒரு படி குறைவுதான். இது எனக்குப் புத்தகத்தில் படித்து வந்த அறிவல்ல.

இதையெல்லாம் உன்னை மறிக்க எழுதவில்லை. நீ போவதுதான் சரி என்றே எனக்குப் படுகிறது. இங்கே ஐந்தாவது ஆறாவது என்று இழுபட்டு 21 வயதில் ஷூவைக் கழற்றிய பிள்ளைகளை நான் எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன். போகிறதென்றால் வேலைக்குப் போகிறவளைப் போலப் போ. குடியுரிமைக்கு யார் விண்ணப்பம் போடுவது, எந்த மாதத்தில், மறுத்தால் என்ன என்பதைக் கேள். நீங்கள் வாங்கிக் கொடுக்கும் ஒலிம்பிக் இடத்தில் வேறு இணையை அனுப்புவார்களா என்பதையும் கேள், முகம் கோணினாலும் கேள். அந்தப் பெடியனின் கணுக்கால் முறிந்தால் உன் நிலை என்ன? அவன் இல்லாத அந்த நாட்டில் உனக்கு ஒரு வேலையாவது இருக்குமா? விடுவிப்புக் கடிதம் கையில் வரும்வரை இங்குள்ள கோச்சோடு முறித்துக்கொள்ளாதே. அந்த நாட்டு மொழியை இன்றைக்கே தொடங்கு, பரீட்சைக்காக அல்ல. வேறு நாடுகளுக்காக ஆடுகிறவர்கள் பலர் பயிற்சி எடுப்பது இங்கே மொன்றியலில். தங்கள் கொடியின் ஊரில் பாண் வாங்கக்கூடத் தெரியாமல் சிலர் ஆடி முடித்துவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்காது. கிழவனின் பிடிவாதம் என்று வைத்துக்கொள்.

அவர்கள் அனுப்பிய கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை வா. ஐந்தரைக்குச் சுடுதண்ணீர் விட்டு ஐஸை மினுக்கி வைத்திருப்பேன். ஹாக்கிக்காரர் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். நீ ஆடு, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசிக்கிறேன்.

அன்புடன்,
மாமா