வெடி அளவு: யார் சொல்லும் கணக்கை எடுப்பது?

பர்கூரைச் சுற்றி இரண்டு வகைக் குவாரிகள் இருக்கின்றன. ஒன்றில் கிரானைட் பிளாக் எடுக்கிறார்கள், மற்றதில் ஜல்லிக்குக் கல் உடைக்கிறார்கள். பிளாக் எடுப்பவருக்கு என் யோசனை சுருக்கமானது: வயர்சா போட வசதி இருந்தால் மருந்துப் பக்கமே போகாதீர்கள். பாரடைசோ கல்லில் மயிரிழை விரிசல் விழுந்தால்கூட பாலிஷ் போடும்போது காட்டிக்கொடுத்துவிடும், அதோடு விலையும் போய்விடும்.

ஜல்லிக்காரருக்கு மருந்து இல்லாமல் வேலை நடக்காது. குழிக்கு எவ்வளவு மருந்து, குழிக்குக் குழி எவ்வளவு இடைவெளி, மேலே எவ்வளவு மண் அடைப்பு என்ற மூன்று எண்களை அவர் எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும்.

பெரும்பாலும் பக்கத்துக் குவாரியைத்தான் முதலில் கேட்கிறார்கள். இருப்பதிலேயே மோசமான வழி அதுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாறை ஒரே சீராக இருப்பதில்லை. வெளிர்நிற நைஸ் பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கருங்கல் டைக் ஓடும். இரண்டும் சேரும் இடத்தில் மண் புகுந்த வெடிப்பு இருக்கலாம். ஜாக்ஹாமர் ஓட்டுகிறவருக்கு இது உடனே தெரிந்துவிடும். வெள்ளையாக வந்துகொண்டிருந்த பொடி திடீரெனச் செம்மண் நிறமாக மாறும், கம்பி சடாரென உள்ளே இறங்கும். அந்தக் குழியிலும் வழக்கமான அளவை நிரப்பினால், மருந்தின் வேகம் கல்லை உடைக்காமல் அந்த வெடிப்பு வழியே பாய்ந்து கல்லை ஊர்ப்பக்கம் வீசும். பக்கத்துக் குவாரிக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது அவருடைய பாறையின் கணக்கு.

இருபது, முப்பது வருடம் வெடி வைத்த மேஸ்திரியின் சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன், ஆனால் பாதி மட்டும். பாறையைப் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள், மருந்தின் அளவை அப்படியே எடுக்காதீர்கள். நைட்ரோகிளிசரின் சேர்த்த மருந்துகளின் தயாரிப்பு இந்தியாவில் 2004-ல் நிறுத்தப்பட்டது. ஜெலட்டின் என்ற பேச்சு வழக்கு நிலைத்துவிட்டாலும், இன்று பெட்டியில் வருவது ஸ்லரியும் எமல்ஷனும்தான். பழைய மருந்தில் பழகிய கை அளவு இவற்றுக்குப் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

மருந்துக் கம்பெனி தரும் விவரத்தாளை வேறு விதமாகப் படிக்க வேண்டும். அடர்த்தி, வெடிப்பு வேகம், தண்ணீர் தாங்கும் திறன், எந்த விட்டத்துக்குக் குறைந்த குழியில் போடக்கூடாது, எத்தனை மாதம் வைத்திருக்கலாம் ஆகியவற்றில் அந்தத் தாள் சொல்வதே முடிவு. உங்கள் பாறைக்கு எவ்வளவு என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதில் போட்டிருக்கும் பொதுவான அளவை எட்ட வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். தகுதிச் சான்று பெற்ற பிளாஸ்டரின் பொறுப்பில், அதற்குக் கீழிருந்து தொடங்குங்கள்.

வீடுகள் அருகில் இருந்தால் மேலே சொன்ன மூன்றுமே போதாது, அளந்துதான் தீர வேண்டும். சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் 1997-ஆம் ஆண்டு 7-ஆம் எண் சுற்றறிக்கை, குவாரி உரிமையாளருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு அதிர்வு வரம்பு விதித்திருக்கிறது. அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 25 வரை 10, அதற்கு மேல் 15. பழமையான சின்னங்களுக்கு இதே வரிசை 2, 5, 10. சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளை நினைத்தால் இந்த 2 ஏன் என்று விளங்கும். பல வெடிகளைப் பல தூரங்களில் கருவி வைத்து அளந்து, ஒரே டிலேயில் அதிகபட்சம் எவ்வளவு வெடிக்கலாம் என்று தன்பாத்திலுள்ள சிம்ஃபர் போன்ற ஆய்வு நிறுவனங்கள் கணக்கிட்டுத் தருகின்றன. செலவு பிடிக்கும். சுவர் விரிசலுக்காக ஊர் திரண்டு வந்து நிற்கும் நாளில் கையில் காட்டக்கூடிய ஒரே ஆதாரம் அதுதான். அதைவிட முக்கியம், அந்தச் சுவருக்குப் பின்னால் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

கூடுதலாகக் கணக்குப் போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: மிச்ச மருந்து. 2021 பிப்ரவரியில் எல்லைக்கு அந்தப்பக்கம் சிக்கபள்ளாப்பூரில், மறைத்து வைத்திருந்த ஜெலட்டின் குச்சிகளை அப்புறப்படுத்தும்போது வெடித்து 6 பேர் இறந்தார்கள். மிச்சத்தைக் கணக்கில் காட்டி லைசென்ஸ் உள்ள மேகஸினுக்கே திருப்பி அனுப்புங்கள்.

ஆக, புதுக் குவாரி என்றால் கம்பெனித் தாளையும் மேஸ்திரியின் பாறை அறிவையும் சேர்த்து வைத்துக் குறைவாகத் தொடங்கலாம். வீடு பக்கத்தில் என்றால் முதலில் ஆய்வு. ஓடிக்கொண்டிருக்கும் குவாரி என்றால் எல்லாவற்றையும் விட உங்கள் வெடிப் பதிவேட்டை நம்புங்கள், ஒழுங்காக எழுதியிருந்தால். குழி ஆழம், பொடியின் நிறம், தண்ணீர் இருந்ததா, மருந்து, டிலே, மண் அடைப்பு, கல் எவ்வளவு தூரம் பறந்தது, வீட்டருகே கருவி காட்டியது என்ன என்று ஒவ்வொரு வெடிக்கும் அன்றன்றே எழுத வேண்டும். குவாரியைக் கைமாற்றி வாங்குகிறீர்களா? லீஸ் காகிதங்களோடு அந்தப் பதிவேட்டையும் கேளுங்கள். இல்லை என்றால், முதல் வெடியிலிருந்தே புதிதாக அளந்துகொண்டு வருவதுதான் வழி.