விசைப்பலகையில் தமிழ் எழுத்துகள்



நம் மாணவன் ஒருவன் தோட்டத்திலுள்ள தன் பாட்டிக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினான். தேர்வில் நல்ல புள்ளிகள் பெற்றதே செய்தி. ஆனால், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் அடித்திருந்தான். பால் வெட்டி ஓய்வு பெற்ற அப்பாட்டியார் தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை பயின்றவர். தமிழ் நாளிதழைத் தடையின்றிப் படிப்பவர். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பேரன் எழுதியதையோ பக்கத்து வீட்டார் படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

"ஏனப்பா தமிழில் அடிக்கவில்லை?" என்று வினவினேன்.

"247 எழுத்துகளையும் எங்கே தேடுவது, ஐயா?" என்றான்.

அவனுக்கு அளித்த விடையையே ஈண்டுப் பாடமாக எழுதுகின்றேன்.

உயிர் 12, மெய்க்குரியவை 18, புள்ளி 1 ஆக 31 விசைகளே போதும். உயிர்மெய் 216உம் இவற்றின் சேர்க்கையால் பிறக்கும். ஆய்தத்திற்குத் தனி விசை வேண்டா. ஷிப்ட் விசையுடன் புள்ளி விசையை அழுத்தினால் அது வரும். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான 'தமிழ் 99' விசைப்பலகை இவ்வாறு அமைந்ததாகும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம் உள்ளன. நடு வரிசையில் அ, இ, உ, எ என்னும் குறில்கள். அவற்றிற்கு மேல் வரிசையில் ஆ, ஈ, ஊ, ஏ என்னும் நெடில்கள். மெய்யெழுத்துகளுள் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம்.

இனி, கணினி அறையில் நாங்கள் செய்த பயிற்சியைக் கேளுங்கள். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினோம். திரையில் 'அம்மா' தோன்றியது. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதன்மேல் புள்ளி தானே விழும். அடுத்து ப, ந, த, உ, 'பந்து' வந்தது. ந-வை அடுத்துத் த வந்தால் புள்ளி வைக்க வேண்டியதில்லை. ங-க, ஞ-ச, ண-ட, ம-ப, ன-ற இணைகளும் அவ்வாறே. இவை நீங்கள் இலக்கணத்தில் மனனம் செய்யும் இன எழுத்துகள் அல்லவா? மூன்று நாள் கரும்பலகையில் எழுதியும் விளங்காதது அன்று ஐந்தே நிமிடத்தில் விளங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

'பப்பாளி' அடிக்கையில் மட்டும் இடறினோம். ப, ப என்றதும் சொல் 'ப்ப' என்று தொடங்கிவிட்டது! "புள்ளி வைத்த எழுத்துச் சொல்லுக்கு முதலில் வராதே, ஐயா!" என்றாள் ஒரு சிறுமி. முதற் பகரத்தை அடுத்து அகரத்தைத் தட்டினால் புள்ளி விழாது. ப, அ, ப, ப, ஆ, ள, இ என அடித்துத் திருத்தினோம்.

நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளில் ஆங்கில விசைகளைக் கொண்டு ஒலிப்புமுறையில் தமிழ் அடிக்கலாம். பெரியவர்களுக்கு அது விரைவானது, யானும் பயன்படுத்துகிறேன். எனினும் ந, ன, ண வேறுபாடு இன்னும் மனத்திற் பதியாத சிறுவர்க்குத் தமிழ் 99 முதலில் வருவதே நன்று என்பது என் கருத்து.

பெற்றோர்களே, வீட்டில் கணினி இல்லையெனக் கவலற்க. மணிலா அட்டையில் விசைகளை வரைந்து, விரல்களைப் பழக்கலாம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அவ்வாறே பழகினர்.

இரண்டு வாரம் கழித்து அம்மாணவன் பாட்டிக்குத் தமிழில் எழுதினான். பாட்டியார் உடனே தொலைபேசியில் அழைத்துச் சிரித்தாராம். 'பள்ளிக்குப் போகிறேன்' என்பதற்குப் 'பல்லிக்குப் போகிறேன்' என்று அடித்திருந்தான். திருத்தி மீண்டும் அனுப்பினான்.